ஓட்டெண்ணெய் பூசிய கட்டில்

கால்ல இடிக்குதா தம்பி? இருங்க, இப்படித் திருப்பி வச்சுக்கிறேன். தொட்டில்தான். பேத்திக்கு. கண்டக்டர் பின்னால டிக்கியில போடுங்கன்னார், நான்தான் மாட்டேன்னுட்டேன். டிக்கியில ஸ்டெப்னி கிடக்கும், ஜாக்கி கிடக்கும், இடிச்சுச் சிராய்ச்சுடும். மடியிலயே வச்சுக்கிறேன், வேணும்னா லக்கேஜ் டிக்கெட் கிழிச்சுக்குங்கன்னு சொல்லிட்டேன். முணுமுணுத்துக்கிட்டே போனார். அவருக்கு என்ன தெரியும்.

தொட்டுப் பாருங்க. பரவால்ல, மேல சுத்தியிருக்கிற பழைய சேலையை விலக்கிட்டுத் தொடுங்க. எப்படி வழவழன்னு இருக்கு? லேசா ஒட்டுதா? அது வெயிலுக்கு. புரட்டாசின்னுதான் பேரு, சித்திரை மாதிரி அடிக்குது. சாயங்காலம் ஆனா இறுகிடும்.

நீங்க சிதம்பரமா? அப்ப கடைசி வரைக்கும் போறீங்க. நான் புவனகிரிக்கு முன்னாடியே இறங்கிடுவேன். பொண்ணு செந்தாமரையை அங்கதான் குடுத்திருக்கு. ஒரே பொண்ணு. பிள்ளை பொறந்து ஒரு மாசம் ஆகுது, நான் இன்னும் முகம் பார்க்கல. ஏன்னு கேட்காதீங்க. கேட்கலைன்னாலும் சொல்லத்தான் போறேன். யார்கிட்டயாவது சொன்னாத்தான் நெஞ்சு ஆறும் போல இருக்கு. ஆனா ஒண்ணு, கேட்டுட்டு நியாயத்தை நீங்க சொல்லணும். ஊர்ல யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நான் பேச்சை எடுத்தாலே எழுந்து போயிடுறாங்க.

எனக்குப் பண்ருட்டிப் பக்கம். பண்ருட்டின்னா பலாவும் முந்திரியும்தான் உங்களுக்குத் தெரியும். பருப்பைத் தின்னுட்டு ஓட்டைத் தூக்கிப் போட்டுடுவாங்கன்னு நினைச்சுக்காதீங்க. அந்த ஓட்டுக்குன்னே ஆலை இருக்கு. ஓட்டைப் பிழிஞ்சா கருப்பா, தேன் கணக்கா ஒரு எண்ணெய் இறங்கும். ஓட்டெண்ணெய்னு சொல்லுவோம். அந்த ஆலையிலதான் எனக்கு வேலை. மீசை முளைச்சப்ப போனேன், இப்ப மீசை நரைச்சுப்போச்சு. சாதாரண எண்ணெய் இல்ல தம்பி. பெயிண்டுக்குப் போகுது. லாரி பிரேக்குல ஒரு கட்டை இருக்கே, அதுக்குப் போகுது. படகுக்கு அடியில பூசினா உப்புத்தண்ணி தின்னாது. ஒரு தடவை லேப்புல இருந்து ஒருத்தர் வந்தார். இதுல இருக்கிறது பீனால்ங்கிற வகையறா பெரியவரே, மரத்துக்கு மரம் வேற வேற வேஷத்துல இருக்கும்னார். தோல் பதனிட ஆவாரம்பட்டை போடுறாங்களே, அதுல இருக்கிற துவர்ப்பும் அந்தக் குடும்பம்தானாம். முந்திரிப்பழம் தின்னா தொண்டை கமறுதே, சாறு பட்ட சட்டை கிழியிற வரைக்கும் கறை போகாதே, அதுவும் அதேதானாம். மரத்தால ஓட முடியாது, அடிக்கவும் முடியாது, அதனால இப்படி ஒண்ணைத் தன் உடம்புலயே ஊற வச்சுக்குதுன்னார்.

எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. யோசிச்சுப் பாருங்க. முந்திரிக்கொட்டைக்குள்ள பருப்பு. பச்சைப் பிள்ளை மாதிரி வெள்ளையா, மெத்துன்னு. அதைச் சுத்தி ஒரு மெல்லிசுத் தோல். அதுக்கு வெளியில ஓடு, ஓட்டுக்குள்ள இந்த எண்ணெய். அணில் கடிச்சா வாய் வெந்துபோகும். புழு அண்டாது. தாய் மரம் பிள்ளைக்குப் போட்டு அனுப்புற காவல் அது. நானும் என் பிள்ளைக்கு அதைத்தானே செஞ்சேன்? இதுல என்ன தப்பு சொல்லுங்க.

கட்டிலைச் சொல்றேன்.

என் சம்சாரம் கோசலை போய்ச் சேர்ந்தப்ப செந்தாமரை பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நானேதான் தலை பின்னிவிட்டேன், கோணலும் மாணலுமா. அதுக்குக் கல்யாணம் பேசினப்ப, பீரோ வாங்கலாம், மிக்ஸி வாங்கலாம், அதெல்லாம் யாரும் வாங்கலாம், அப்பன் கையால ஒண்ணு போகணும்னு நினைச்சேன். காத்துக்குச் சாஞ்ச பலா ஒண்ணு தோட்டத்துல கிடந்துச்சு. வேலாயுத ஆசாரியைக் கூப்பிட்டுக் கட்டில் போடச் சொன்னேன். அவன் இழைச்சு நிறுத்தினான், மஞ்சக் குளிச்ச மாதிரி நின்னுச்சு. 

"அண்ணே, பலாவைக் கரையான் எட்டிக்கூடப் பார்க்காது. மெழுகு மட்டும் தேய்ச்சு விடுங்க, போதும்"னான்.

"நீ இழைச்சுட்டே இல்ல, கூலியை வாங்கிட்டுக் கிளம்பு. மீதி எனக்குத் தெரியும்"னேன்.

"அண்ணே, ஓட்டெண்ணெய் மட்டும் வேணாம்ணே. அது வாசக்காலுக்கு, மோட்டு வளைக்குச் சரி. மனுசங்க படுக்கிறது."

"ஆலையில நான் குளிக்கிறதே அதுலதான். எனக்குக் கொம்பா முளைச்சிருக்கு?"

என் கையைப் பாருங்க. இத்தனை வருஷம். தோல் காய்ச்சு மாட்டுக் குளம்பு மாதிரி ஆயிருக்கு, அவ்வளவுதான். ஒரு அரிப்பு, ஒரு கொப்புளம் கிடையாது. கோசலைக்குத்தான் ஒத்துக்காது. என் சட்டையைத் துவைச்சா கை வெடிக்கும். நான் ஆலையில இருந்து வந்து பிள்ளையைத் தூக்கப் போனா, "மொதல்ல குளிச்சுட்டு வா, மனுசா"ன்னு விரட்டுவா. அவ உடம்பு வாகு அப்படி. எண்ணெய் மேல பழி போட்டா ஆகுமா?

பூசினேன். மூணு பூச்சு. அதுவும் ஆலையில காய்ச்சி அனுப்புற எண்ணெய் இல்ல, காய்ச்சினா வீரியம் குறைஞ்சுடும். முதல் பிழிவு, பச்சை எண்ணெய், மேஸ்திரிகிட்ட கேட்டு வாங்கிட்டு வந்தேன். பொண்ணுக்குப் பூசறோமே, அதுல போய்க் குறை வைக்கலாமா?

போன வருஷம் வைகாசியில கல்யாணம். மாப்பிள்ளை திருநாவுக்கரசு நல்ல பையன், நெல்லு மிஷின்ல வேலை. கட்டிலைப் பார்த்துட்டு அவங்க சனமே வாயைப் பொளந்துச்சு. நல்ல வெயில் நேரம், மெத்தை விரிச்சா வேகும்னு செந்தாமரை வெறும் பலகையில ஒரு பழைய சேலையைப் போட்டுத்தான் படுப்பா. மாப்பிள்ளைக்கு இடுப்பு வலி, அவர் தரையில பாய். இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, அவர் உடம்புல ஒண்ணும் இல்ல. அதைக் கவனிச்சுக்குங்க.

ஆனி பாதியில சம்மந்தியம்மா போன் பண்ணுது. "உங்க பொண்ணு முதுகைக் காட்ட மாட்டேங்குது, ராவும் பகலும் சொறியுது, வந்து என்னன்னு பாருங்க"ன்னு. போய்ப் பார்த்தேன். ஐயோ தம்பி. முதுகு, தொடைக்குப் பின்னால, முழங்கை, ஒரு பக்கத்துக் கன்னம். சிவந்து, தடிச்சு, நீர் கோத்துக்கிட்டு. வெந்நீர் கொட்டின மாதிரி. தண்ணி சேரலைன்னு சொன்னேன். அந்தப் பக்கத்துத் தண்ணி உப்பு. 

"இத்தனை வருஷமா இதே தண்ணியைத்தான் நாங்களும் குடிக்கிறோம், எங்களுக்கென்ன தேஞ்சா போச்சு?"ன்னு சம்மந்தியம்மா கேட்டுச்சு. திமிர் பிடிச்ச பேச்சு.

ஆடி பொறந்ததும் முறைப்படி பொண்ணை அழைச்சுட்டு வந்தேன். கட்டில் அங்க, பொண்ணு இங்க. வந்து கோரைப்பாயில படுத்தா, என் கையால ரசம் வச்சுப் போட்டேன். மாசம் முடியறதுக்குள்ள தோல் பளிங்கு மாதிரி ஆயிடுச்சு. பார்த்தீங்களா, தண்ணின்னு சொன்னேன் இல்ல? ஆவணியில கொண்டுபோய் விட்டேன். விட்டு ஒரு வாரம்கூட இருக்காது, மறுபடியும். இந்தத் தடவை கண்ணு ரெண்டும் வீங்கி மூடிக்கிச்சு. 

அப்பதான் சம்மந்தியம்மா அந்த வார்த்தையைச் சொல்லுச்சு. "ரத்தத்துலயே ஏதோ இருக்கு. மறைச்சுத் தலையில கட்டிட்டீங்க. நாளைக்குப் பொறக்குற பிள்ளைக்கும் வரும்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். தெருவே கூடிடுச்சு. "எங்க வீட்டு ரத்தம் சுத்தம், உங்க வீட்டுக் கண்ணுதான் கொள்ளிக்கண்ணு"ன்னேன். மாப்பிள்ளை நடுவுல நின்னு, "மாமா, கொஞ்சம் பொறுங்க மாமா, டாக்டர்கிட்ட காட்டலாம்"னு கெஞ்சுறார். செந்தாமரை கண்ணைத் திறக்க முடியாம சுவரைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் கேட்கல. டெம்போ பேசி, பொண்ணையும் ஏத்திட்டு, நான் குடுத்த சாமான் ஒண்ணு விடாம ஏத்திட்டுக் கிளம்பிட்டேன். பீரோ, மிக்ஸி, குத்துவிளக்கு, கட்டில். கட்டில் மேலதான் பொண்ணைப் படுக்க வச்சுக் கூட்டிட்டு வந்தேன், ஆடாம அசையாம.

வீட்டுக்கு வந்தா சரியாயிடும்னு பார்த்தேன். போன தடவை ஆச்சே. அதே ரசம், அதே தண்ணி. ஆகல தம்பி. ஜாஸ்தியாத்தான் போச்சு. எனக்குப் புத்தியே பேதலிச்சுப்போச்சு. அவங்க ஏதோ செஞ்சு அனுப்பிட்டாங்கன்னு நினைச்சேன். பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடிச்சேன். பொண்ணு கட்டில்ல படுத்துக்கிட்டு, "அப்பா, வேப்பிலை பட்டா எரியுதுப்பா"ன்னு அழுவுது. நானும் அழுதேன்.

அப்புறம் பெரியாஸ்பத்திரி. வார்டுல படுக்க வச்சாங்க, இரும்புக் கட்டில். நாலஞ்சு நாள்ல அடங்குச்சு. தோல் டாக்டரம்மா நல்ல மாதிரி, பொறுமையாக் கேட்டாங்க. புது சோப்பா, பவுடரா, கவரிங் நகையா, மருதாணியா? ஒவ்வொண்ணா நிறுத்தச் சொன்னாங்க. பிள்ளை கொலுசைக்கூடக் கழட்டிடுச்சு. 

"படுக்கிற பக்கமாத்தான் வருது, எதுலம்மா படுக்கிறே?"ன்னும் கேட்டாங்க.

"சொந்தக் கட்டில் மேடம், நான் செஞ்சது"ன்னு நானே முந்திக்கிட்டுச் சொன்னேன்.

"என்ன பெயிண்ட்?"

"பெயிண்டெல்லாம் கிடையாது மேடம். இயற்கை எண்ணெய். மரத்துல இருந்து வர்றது."

சரின்னு தலையாட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. அவங்களுக்கே குறை தெரியல, பார்த்தீங்களா?

வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். கட்டிலைத் துடைச்சு, பிள்ளை ஆஸ்பத்திரியில இருந்து வருதேன்னு இன்னொரு பூச்சு பூசி வச்சிருந்தேன். மறுபடியும் வந்துடுச்சு.

இருங்க, நீங்க ஏதோ சொல்ல வர்றீங்க. முடிச்சுடுறேன், அப்புறம் சொல்லுங்க.

ஐப்பசியில ஒரு மழை பிடிச்சுது. கட்டில் இருந்த பக்கம் ஒழுகவும், செந்தாமரை கூடத்துல வெறும் சிமெண்டுத் தரையில படுத்தா. மழை விடவே இல்ல, அவளும் அங்கேயே படுத்துக்கிட்டா. முதுகு காஞ்சு பொருக்கு உதிர ஆரம்பிச்சுது. மழை விட்டதும் நான் கூரை ஓட்டைச் சரி பண்ணி, கட்டிலுக்குப் போம்மான்னேன். போகல. என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. மதியம் சாப்பிட்டுட்டு, கட்டில் பக்கத்துல தரையில உட்கார்ந்து, இடது கையை மட்டும் தூக்கிப் பலகை மேல வச்சுக்கிட்டா. ஏதோ யோசனையில இருக்கான்னு நினைச்சேன். மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாள் காலையில நான் காபி போட்டுக்கிட்டு இருக்கேன், வந்து பக்கத்துல நின்னு ரெண்டு கையையும் நீட்டினா. வலது கை வாழைத்தண்டு மாதிரி இருக்கு. இடது கை மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் வெந்துபோய்க் கொப்புளம். பலகை எங்க பட்டுச்சோ அங்க கோடு போட்ட மாதிரி நிக்குது.

"அப்பா, கட்டில்தாம்பா"ன்னா.

சத்தம் போட்டுச் சொல்லல. திட்டிச் சொல்லியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு இருக்காது.

வீம்பு தம்பி. தன் கையைத் தானே வேக வச்சுக்கிட்டு வந்து நிக்கிறா பாருங்க, அப்பனைக் குத்தம் சொல்ல. நான் சொன்னேன்: "உங்கம்மா வாகு உனக்கு. அதுக்குக் கட்டில் என்ன பண்ணும்?"

"அம்மா வாகுன்னு தெரிஞ்சுமாப்பா பூசினே?"

அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுது, அதைப் பார்த்தேன்.

"அதை வெளியில போட்டுடுப்பா. என் கண்ணுல படாம எங்கயாவது போட்டுடு"ன்னா. 

முடியாதுன்னேன். அப்பன் கையால செஞ்சது, தெருவுல போட்டா ஊர் என்ன சொல்லும்? அவ போனை எடுத்து மாப்பிள்ளைகிட்ட ரெண்டே வார்த்தைதான் பேசினா. சாயங்காலம் பைக்ல வந்து நின்னார். போயிட்டா. அங்க தரையில பாய் போட்டுப் படுத்தா, அந்த உப்புத் தண்ணியிலயே குளிச்சா. உடம்புக்கு அதுக்கப்புறம் ஒண்ணும் வரலைன்னு கேள்வி. சம்மந்தியம்மாவே எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு விட்டுச்சாம். தேங்காயெண்ணெய்.

அப்புறம் அவ முழுகாம இருந்தா, ஏழாம் மாசம் வளைகாப்பு. வேன் வச்சுக்கிட்டு சொந்தக்காரங்களோட போனேன். வளையல் போட்டுப் பொண்ணை அம்மா வீட்டுக்கு அழைச்சுட்டு வர்றதுதானே முறை. கை நிறைய வளையல், நெத்தி நிறையச் சந்தனம், என் பொண்ணு அன்னிக்கு இருந்த இருப்பு. காதுகிட்ட வந்து, "கட்டிலை எடுத்துட்டியாப்பா?"ன்னு கேட்டா. 

"இல்லம்மா."

"எடுத்ததும் சொல்லுப்பா, வர்றேன்."

அவ்வளவுதான். பொண்ணு இல்லாத வேன்ல திரும்பி வந்தேன். என் அக்கா மட்டும் வழி நெடுக, "நீ ஒரு கட்டிலோட குடும்பம் நடத்து"ன்னு சொல்லிக்கிட்டே வந்துச்சு. தலைப்பிரசவம் மாமியா வீட்டுல நடந்துச்சு தம்பி. என் வீட்டுப் படியில பிள்ளைச் சத்தம் கேட்கல.

அதான் சரி, நாமதான் பெரியவங்க, நாமளே இறங்கிப் போவோம்னு முடிவு பண்ணிட்டேன். கட்டிலைத்தானே எடுக்கச் சொன்னா? எடுத்துட்டேன். போன வாரம் வேலாயுத ஆசாரியைக் கூப்பிட்டேன், அவன் வர மாட்டேன்னுட்டான், வேற ஒரு ஆளை வச்சு முழுசாப் பிரிச்சுட்டேன். இப்ப என் வீட்டுல கட்டில் இல்ல. அந்தப் பலகையிலதான் இந்தத் தொட்டில். தாய்வீட்டுச் சீரா ஒரு தொட்டிலாவது போகணும் இல்லையா? அறுத்த இடமெல்லாம் வெளுப்பாத் தெரிஞ்சுது, அதனால மேல ஒரு பூச்சு.

ஏன் கையைத் துடைக்கிறீங்க?

நேத்து போன் பண்ணி வர்றேன்னு சொன்னேன். சந்தோஷமாத்தான் பேசினா. "வெறுங்கையோட வாப்பா. நீ வந்தா போதும்"னா. திரும்பத் திரும்பச் சொன்னா, "ஒண்ணும் எடுத்துட்டு வராதே"ன்னு. எந்தப் பொண்ணாவது அப்பனை வெறுங்கையோட வரச் சொல்லுவாளா? சம்மந்தி வீட்டுல என் மரியாதை என்ன ஆகும்? 

என்ன சொன்னீங்க? கொஞ்சம் சத்தமா. 

ஆமா, பச்சைப் பிள்ளைதான். ஒரு மாசம். அதுக்கு? துணி விரிச்சுத்தானே போடப்போறா. செந்தாமரையும் துணி விரிச்சுத்தானே படுத்தான்னு கேட்கிறீங்களா? அதையே ஏன் புடிச்சுக்கிறீங்க... நீங்களும் அவ கட்சிதானா? நியாயம் கேட்டா எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுறீங்க. முப்பது வருஷத்துக்கு மேல எனக்குச் சோறு போட்ட எண்ணெய் தம்பி அது. அந்தச் சோத்தைத் தின்னுதான் அந்தப் பொண்ணு வளர்ந்துச்சு. அதுவே அவளைச் சுடும்னா, நான் அப்ப என்னத்தைத்தான் குடுத்திருக்கேன் அவளுக்கு?

விடுங்க. நீங்க படிச்ச பிள்ளை. நான் கோவிச்சுக்கல.

வந்துடுச்சு, இதான் ஸ்டாப்பிங். அதோ, குடை பிடிச்சுக்கிட்டு நிக்கிறார் பாருங்க, மாப்பிள்ளை. பக்கத்துல செந்தாமரை. கையில துண்டுல சுத்தி வச்சிருக்காளே, அதுதான், அதுதான் பேத்தி. வெயில்ல பிள்ளையைத் தூக்கிட்டு வந்துட்டா பாருங்க, அப்பனுக்குக் காட்டணும்னு. 

இறங்குறேன் கண்டக்டர், விசில் அடிக்காதீங்க, சாமான் இருக்கு.

பார்த்துட்டா. ஜன்னல் வழியா இதைப் பார்த்துட்டா. பிள்ளையை மாப்பிள்ளை கையில குடுக்குறா. அவரைத் தள்ளிப் போகச் சொல்றா. அவரும் போறார். ஏன் போறார்? கோவிச்சுக்கிட்டாளா? இல்ல... வர்றாளே. சிரிச்சுக்கிட்டே வர்றா தம்பி. இதைக் கையில வாங்கத்தான் வர்றா. அப்பன் ஆசையாக் கொண்டு வந்ததை வேணாம்னு சொல்ல அவளுக்கு மனசு வராது, எனக்குத் தெரியும்.

முந்தானையை என்ன பண்றா? இழுத்து ரெண்டு கையிலயும் சுத்துறா. விரல்கூடத் தெரியாம சுத்திக்கிட்டு, இந்தா படிக்கட்டு கிட்ட வந்து கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா. "குடுப்பா, நான் புடிச்சுக்கிறேன்"ங்கிறா. 

இருங்க கண்டக்டர். ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம்.

தம்பி, நீங்க கடைசி வரைக்கும் போறீங்க இல்ல? இதை நீங்க எடுத்துட்டுப் போயிடுறீங்களா? நல்ல மரம். பலா. உங்க வீட்டுல சின்னப் பிள்ளை ஏதாவது இருக்கா?

இருக்கா?

அப்ப வேணாம் தம்பி. உங்களுக்கு வேணாம்.